பேர் வெட்டின ஸ்டவ்

1

“…பேர் வெட்டியாச்சுல்ல, இனிமே அது உங்க பொண்ணோட சாமான். நான் தொடணும்னாகூட அதைக் கேட்டுட்டுத்தான் தொடணும்” என்று சொல்லிச் சிரித்தார் சோமு முதலாளி.

திருச்சி பெரிய கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். எதிரே நின்றவர் ஜீயபுரத்து விவசாயி. மகள் கல்யாணத்துக்குச் சீர்ச் சாமான் எடுக்க வந்திருந்தார். குடம், தவலை, சருவம் எல்லாம் சாக்குக்குள் போய்விட்டன. கடைசியாகப் போக வேண்டியது ஒரு பித்தளை ஸ்டவ், பம்ப் அடித்து எரிக்கிற ஜாதி. அதன் டாங்கியில் ‘செல்லம்மாள்’ என்று பேர் வெட்டியிருந்தது. வெட்டி முடித்த சூடு இன்னும் ஆறியிருக்காது.

நான் கடை வாசலில் நின்றேன். என் கைப்பையிலும் ஒரு ஸ்டவ் இருந்தது, அதே கடையில் வாங்கினது, அதே ஆள் பேர் வெட்டினது. பக்கத்தில் என் மகள் நூர்ஜகான். அந்தச் சாக்கின் வாயைக் கட்டிவிட்டால் அது ஜீயபுரம் போய்விடும், அங்கிருந்து செல்லம்மாளோடு எந்த ஊருக்கோ போய்விடும். அதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும். நான் பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

ஏன் என்று, ரங்கூனில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டுமானால், இரண்டு மாதம் பின்னே போக வேண்டும்.

2

பிறந்தது ரங்கூன், வாழ்க்கைப்பட்டது திருச்சி. காகிதத்தில் நான் இன்னும் பர்மாக்காரிதான். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை போலீஸ் ஆபீஸுக்குப் போய், இன்னும் ஒரு வருஷம் இங்கே இருந்துகொள்ளலாம் என்று முத்திரை வாங்கி வருவேன். வீட்டுக்காரருக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் வியாபாரம். தொட்டியத்திலிருந்து லாரி வருகிற நாளாகப் பார்த்துத்தான் ஆபீஸில் என்னைக் கூப்பிடுவார்கள். தாரை விட்டுவிட்டு அவர் என்னோடு வருவார், ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டார்.

அங்கே ஒரு குமாஸ்தா. முகத்தை நிமிர்த்தாமலே கேட்பார்.

“அதே வீடா?”

“ஆமாங்க.”

“வழக்கு, வியாஜ்யம், அக்கம்பக்கத்துல தகராறு ஏதாவது?”

“இல்லீங்க.”

முத்திரை விழும். அந்த ‘இல்லீங்க’வைச் சொல்லத்தான் நான் வருஷம் பூராவும் பாடுபடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பக்கத்து வீட்டு ஆடு என் முருங்கையை மேய்ந்தாலும் சிரித்துக்கொண்டு நிற்பேன். கருவாட்டுக்காரி அரைப் படிக்குக் கால் படி அளந்தாலும் வாங்கிக்கொண்டு வருவேன். ‘அந்நியன் காலுக்கு ஊர்க்கல்லும் முள்’ என்று என் மாமி சொல்லுவார்கள். எனக்குச் சொன்னதில்லை, எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னது.

இந்த வருஷம் முத்திரை விழுந்த சந்தோஷத்தில் வீட்டுக்காரர் என்னையும் மகளையும் பெரிய கடைவீதிக்கு அழைத்துப்போனார். “விறகுப் புகையில கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்கிறியே, உனக்கு ஒரு ஸ்டவ் வாங்கித் தரேன்” என்றார். எனக்கு முதலாளி என்ற வார்த்தை சட்டென்று வரவில்லை. நம்ம ஊரில் கடைக்காரரை மரியாதையாகக் கூப்பிடுகிற பழக்கத்தில் “சயா” என்றுவிட்டேன். சோமு முதலாளி எதிர் டீக்கடைக்கு மூன்று சாயா சொல்லிவிட்டார். நூர்ஜகான் தரையைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், “அம்மா, கடைக்கு வந்தா நீங்க பேசாதீங்க, நான் பேசிக்கிறேன்” என்றாள். மழலையில் என்னோடு பர்மாப் பேச்சுப் பேசின பிள்ளைதான். இப்போது பர்மாப் பேச்சில் ஒரு வார்த்தை கேட்டால், காது கேளாதவள் மாதிரி தமிழில் பதில் சொல்லுவாள்.

3

இந்தப் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் கடையை விட்டு இறங்க மாட்டார்கள். கல்யாணம், கந்தூரி, கோயில் கொடை என்று சட்டிபானை தெருவெல்லாம் சுற்றுகிற ஊர். பேர் இல்லாத பாத்திரம் அநாதைப் பிள்ளை மாதிரி, யார் வீட்டில் சாப்பிட்டதோ அந்த வீட்டிலேயே தங்கிவிடும். அதனால் கடை வாசலிலேயே ஒருவர் சின்ன உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருப்பார். பேரைச் சொன்னால் டொக் டொக் என்று புள்ளி புள்ளியாய்க் குத்தி எழுத்தாக்கிவிடுவார். கூலி தனியாகக் கிடையாது, கடைக் கணக்கு.

“என்ன பேரும்மா?” என்று கேட்டார் முதலாளி.

“கதீஜா பீவி.”

“ஊரு?”

இந்த ஊரில் என்னிடம் முதல்முறையாக ஒருவர் ஊரைக் கேட்கிறார், போலீஸ் ஆபீஸைத் தவிர்த்து. ‘ரங்கூன்’ என்றேன். அதையும் வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து துடைத்து வைத்து, அந்தப் பேரை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே வெட்கம்.

ஸ்டவ் நன்றாகத்தான் எரிந்தது. கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்து, அது அணைகிற சமயம் பார்த்துப் பம்ப் அடித்தால், ‘புஸ்ஸ்’ என்று நீலமாய் ஜுவாலை வரும். ஒரு மாதம் ராஜபோகம். அப்புறம் ஒரு காலையில், நான் இடியப்பத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். பம்ப் அடித்தவள் நூர்ஜகான். டாங்கியின் விலாவிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு எண்ணெய் நூல் பீறியது. வளைந்து மேலே போய் ஜுவாலையைத் தொட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்கு வரிசையில் சொல்ல எனக்கு வரவில்லை. நெருப்பு சுவர் உயரத்துக்கு நின்றது. பிள்ளையின் பின்னல் நுனி பற்றிக்கொண்டு முறுகியது. தண்ணீர்ப் பானைக்கு அடியில் போட்டிருந்த ஈரச்சாக்கை நான் உருவினேன். பானை உருண்டது. சாக்கை ஸ்டவ்வின் மேல் போட்டு, துணியோடு திருகாணியைத் திறந்து காற்றை விட்டேன். பிறகு சத்தமே இல்லை. சின்ன வயசில் யுத்தத்தின்போது ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு ஒரு நிசப்தம் வருமே, பெரியவர்கள் நம் தலையைத் தடவி எண்ணிப் பார்ப்பார்களே, அந்த நிசப்தம். நான் பிள்ளையின் கையை, முகத்தை, காதைத் தடவித் தடவிப் பார்த்தேன். முடி மட்டும்தான் போயிருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: “நல்லவேளை, மக. மருமகளா இருந்தா ஊரு வேற மாதிரியில்ல பேசியிருக்கும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது பொய்யில்லை. சைக்கிள் டயரில் காற்றுப் போனாலும், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாலும் எனக்கு முதுகு சில்லிட்டது. நூர்ஜகான் அடுப்படிப் பக்கம் வருவதே இல்லை. நான் மறுபடி விறகடுப்புக்குப் போய்விட்டேன்.

4

கடைக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் மார்க்கெட்டில், நான் தனியாக.

சோமு முதலாளி ஸ்டவ்வைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். “வாஷர் போயிருக்கும் பாயம்மா. புது வாஷர் போட்டுத் தரேன்.”

“வாஷர் இல்லீங்க, டாங்கியிலேர்ந்து பீறுச்சு. பிள்ளை தப்பிச்சதே பெரிசு. இதை எடுத்துக்கிட்டு வேற கொடுங்க.”

“வேறயா?” அவர் என் பேரின் மேல் விரலை ஓட்டினார். “பேர் வெட்டின சாமானை நான் யாருக்கும்மா விப்பேன்? கதீஜா பீவின்னு பேரு வச்ச பொண்ணு, அதுவும் ரங்கூன்ல பொறந்தது எங்க இருக்குன்னு தெருத் தெருவா கூவிக்கிட்டுப் போகவா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, மனுஷர் பேச்சு அப்படி. “வெட்டாத வரைக்கும் என் சாமான், வெட்டினா உங்க சாமான். இது எங்க அப்பா காலத்து வழக்கம்” என்று முடித்துவிட்டார்.

ரங்கூனில் எங்கள் அத்தா குடைக்கடை வைத்திருந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். கம்பி முறிந்த குடையோடு யாராவது மழையில் நனைந்துகொண்டு வந்தால், அத்தா ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள், வேறு குடை எடுத்து நீட்டுவார்கள். “வித்தவன் கண்ணு வாங்கினவன் வீடு வரைக்கும் போகணும்” என்பார்கள். அத்தாவும் அப்படி ஒன்றும் லாபம் பார்த்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடை முறிந்தால் நனைவோம், அவ்வளவுதான். ஸ்டவ் முறிந்தால்?

யாரிடம் சொல்வது என்று கேட்டுப் பார்த்தேன். முனிசிபாலிட்டியில், அழுகின மீன் விற்றால் பிடிப்போம், ஸ்டவ் எங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். போலீஸில் சொல்லேன் என்றார் ஒருவர். போலீஸா? வழக்கு உண்டா என்று வருஷா வருஷம் கேட்கிற அதே கட்டிடத்துக்கு நானே வழக்கைச் சுமந்துகொண்டு போவதா? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

5

ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஒரு சிநேகிதி, ஆண்டாள். பிரசவ ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவள் அகத்துக்காரர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, தினம் சைக்கிளில் ஆற்றைத் தாண்டிக் கோர்ட்டுக்கு வருகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டவ்வோடு பஸ் ஏறினேன். நூர்ஜகானும் வந்தாள். பாலத்தில் பஸ் ‘புஸ்’ என்று நின்றபோது இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். பிறகு விட்டுவிட்டோம்.

“வாடி, வா வா. என்னடி குழந்தை தலை இப்படி இருக்கு, யார் வெட்டிவிட்டா?” என்று ரேழிக்கே ஓடிவந்தாள் ஆண்டாள். நடந்ததைச் சொன்னேன். “பெருமாளே” என்று உட்கார்ந்துவிட்டாள். பிறகு உள்ளே திரும்பி, “ஏன்னா, அந்தச் சட்டமெல்லாம் படிச்சேளே, இப்போ சொல்லுங்கோ” என்றாள்.

அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். “சட்டத்துல இடம் இருக்கும்மா. ஒரு பொருளை எதுக்குன்னு விக்கறானோ அதுக்கு அது உபயோகப்படணும். ஸ்டவ்னா எரியணும், குடியிருக்கற ஆத்தை எரிக்கப்படாது. நோட்டீஸ் விடலாம்.”

“விட்டா?”

“அவா பதில் விடுவா. அப்புறம் கேஸ். அப்புறம் வாய்தா. ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான்னு சொல்லுவா.”

“கூண்டுல ஏறினா நான் எந்த ஊர்ப் பிரஜைன்னு கேப்பாங்களாண்ணா?”

“அதுதான் முதல் கேள்வி.”

நான் பையை மடக்கினேன். அவர், “இருங்கோ, எங்கே ஒழுகறதுன்னே பாக்கலையே” என்று சொல்லி, சைக்கிள் டியூப் பார்க்கிறதுபோல முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரில் காலி டாங்கியை அமுக்கிப் பம்ப் அடித்தார். எங்கள் தலைகள் வாளிக்கு மேலே முட்டிக்கொண்டன. முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குமிழி. அதன் பின்னால் இன்னொன்று. பாசிமணி கோத்த மாதிரி வரிசையாக வந்தது.

அது வந்த இடம் ‘ரங்கூன்’. கடைசி எழுத்தின் மேல் வைக்கிற புள்ளி. மற்ற கோடெல்லாம் லேசான குத்துகள். அந்தப் புள்ளிக்கு மட்டும் உளியை நேராக வைத்து ஓங்கி ஒரு போடு போடுகிறார்கள். குடமும் தவலையும் கனத் தகடு, தாங்கும். காற்றை அடைத்துவைக்கிற இந்த டாங்கியின் தகடு தாங்கவில்லை.

“எதிர்க்கட்சி வக்கீல் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பார்” என்றார் ஆண்டாள் அகத்துக்காரர். “பேர் வெட்டச் சொன்னது யாருன்னு.”

ஆண்டாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “கேக்கட்டுமே. வெட்டினது யார்னு இவளும் கேப்பள்.”

எனக்கு இரண்டு கேள்வியும் காதில் ஏறவில்லை. இது சித்திரை முடிந்து வைகாசி பிறக்கிற சமயம், முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். கடை வாசலில் அந்த உளிச் சத்தம் ஓயாமல் கேட்டதே, அதுதான் காதில் இருந்தது. டொக் டொக் டொக், கடைசியில் ஒரு டொக். எத்தனை பெண்கள் புது வீட்டில், புதுப் புடவையில், மாமியார் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பம்பை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்? என் ஸ்டவ் மாற்றிக் கிடைக்காவிட்டால் போகட்டும் என்று தோன்றியது. இதைச் சொல்லாமல் விட்டால் தூங்க முடியாது என்றும் தோன்றியது. சொன்னால் வம்பு.

நூர்ஜகான் பஸ்ஸில் கேட்டாள்: “நாளைக்குக் கடைக்குப் போவீங்களாம்மா?”

“தெரியலடி.”

“போனா நானும் வரேன்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

6

இப்போது ஜீயபுரத்துக்காரரின் சாக்குக்கு வாருங்கள். முதலாளி சிரித்துக்கொண்டிருக்கிறார், ஸ்டவ் உள்ளே போகிறது.

“முதலாளி, ஒரு வாளித் தண்ணி கிடைக்குங்களா?” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“குடிக்கவா பாயம்மா? சொம்புல தரச் சொல்றேன்.”

“வாளியில வேணும்.”

என்ன நினைத்தாரோ, கடைக்கு வைத்திருந்த வாளியைக் காட்டினார். நான் உட்கார்ந்து என் ஸ்டவ்வை அமுக்கினேன். பம்ப் அடிக்கிற தைரியம் எனக்கு இல்லை. காலி டாங்கிதான், நெருப்பு கிடையாது, இருந்தும் கை எழும்பவில்லை. நூர்ஜகான் குனிந்து பம்பைப் பிடித்தாள். அன்றைக்குப் பிறகு முதல் தடவை. அடித்தாள். குமிழி வந்தது.

ஜீயபுரத்துக்காரர் எட்டிப் பார்த்தார். “அட, பேரு எழுதின எடத்துலேர்ந்தில்ல வருது.”

சோமு முதலாளி முகம் மாறியது. பேர் வெட்டுகிறவர் உளியைக் கீழே வைத்தார்.

“முதலாளி, நம்ம ஸ்டவ்வையும் ஒருதரம் முக்கிப் பாத்துடுவமே” என்றார் விவசாயி. சாக்கிலிருந்து எடுத்து அவரே முக்கினார், அவரே அடித்தார். ஆள் மம்பட்டி பிடித்த கை, அடி பலமாக விழுந்தது. எல்லாரும் பார்த்தோம். தண்ணீர் ஆடி அடங்கியது. ஒரு குமிழி இல்லை.

“பாத்தீங்களா?” முதலாளிக்கு மூச்சு வந்தது. “ஒரு கூடை முட்டையில ஒண்ணு கூமுட்டையாப் போறதுதான். அந்தம்மாளோடது மட்டும்தான் அப்படி.”

“நம்ம பொண்ணு ராசிக்காரி” என்று விவசாயி ஸ்டவ்வைத் துண்டால் துடைத்துச் சாக்கில் வைத்தார்.

நான் எழுந்து போயிருக்கலாம். சொல்ல வந்ததைத் தண்ணீரே சொல்லிவிட்டது, பாதியாக. ஆனால் மீதிப் பாதி என் வாயில்தான் இருந்தது. “என்னுதும் ஒரு மாசம் நல்லாத்தாங்க எரிஞ்சுது” என்றேன். “அடிக்க அடிக்கத்தான் அந்தப் புள்ளி விட்டுப்போகும்.”

“பாயம்மா.” முதலாளி குரலைத் தாழ்த்தினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “முகூர்த்த நாளு. வியாபார நேரத்துல வந்து, வந்த ஆளை மிரட்டுறீங்க. நானும் போலீஸ்ல போய்ப் புகார் குடுக்கலாம், தெரியுமா? ரங்கூன்லேர்ந்து வந்தவங்க, யாரு எவருன்னு அங்க கேப்பாங்க.”

நூர்ஜகான் என் கையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நகரவில்லை. “கேக்கட்டுங்க” என்றாள் அவரைப் பார்த்து. “எங்க அம்மாதான். ரங்கூன்தான்.”

அந்தக் குமாஸ்தாவின் நிமிராத தலை கண்ணுக்குள் வந்தது. வழக்கு, வியாஜ்யம் ஏதாவது? அடுத்த வருஷம் என்ன சொல்லப்போகிறேன்?

விவசாயி சாக்கைக் கட்டித் தோளில் ஏற்றினார். “என்னமோ சண்டை, எனக்கு எதுக்கு. பஸ்ஸு போயிரும், வரேன் முதலாளி.”

முதலாளி தலையாட்டினார். அவர் கண் நூர்ஜகானின் தலையில் இருந்தது. ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமாய் கருகினது போக நான் கத்தரித்துவிட்ட முடி.

“ஏங்க” என்று விவசாயியைக் கூப்பிட்டார். “மாப்ள வீட்டுல சமையலுக்கு வேற பொம்பள ஆளு இருக்கா?”

“ஏது? மாமியார் படுத்த படுக்கை. எல்லாம் எம்பொண்ணுதான் பாக்கணும். அதுக்குத்தானே ஸ்டவ்வே வாங்குறது.”

சோமு முதலாளி கல்லாவை விட்டு இறங்கினார். விவசாயியின் தோளிலிருந்து சாக்கை இறக்கி, முடிச்சை அவிழ்த்து, குடத்தையும் தவலையையும் தள்ளிவிட்டு ஸ்டவ்வை மட்டும் எடுத்தார். “என்ன முதலாளி, என்ன பண்றீங்க” என்றார் விவசாயி. முதலாளி விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்த கல்லின் மேல் அதைப் படுக்கவைத்தார். கீழே கிடந்த உளியை எடுத்து டாங்கியின் நடுவில் நிறுத்தினார். சுத்தியை ஓங்கி, தகடு கிழிந்து உளி உள்ளே இறங்குகிற வரைக்கும் அடித்தார்.